வீடியோவைப் பார்த்து வியாதி சொல்லலாமா?

வந்திருக்கும் கேள்வி இது: "கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பெரிய நடிகர் ஒருவர் ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறார். மங்கி குல்லாவும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, ஆள் பாதியாக மெலிந்து, மெதுவாக நடந்து போகிற வீடியோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. கேன்சர் என்கிறார் ஒருவர், கிட்னி போய்விட்டது என்கிறார் இன்னொருவர். நீங்கள் டாக்டர், பார்த்தால் தெரியாதா? பிரபலம் என்றால் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லையா? ஜெயலலிதா விஷயத்தில் மறைத்ததால்தானே அத்தனை குழப்பமும்?"

மூன்று கேள்விகள் ஒன்றாக வந்திருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில், தெரியாது. இரண்டாவதற்கு, அவர் வெறும் நடிகராக இருக்கும்வரை உரிமை இல்லை. மூன்றாவதில் நீங்கள் சொல்வது பாதி சரி, ஆனால் அந்தப் பாதி இந்த நடிகருக்குப் பொருந்தாது. அவர் யார் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

முதலில் வீடியோ. அதில் இருப்பது மெலிவு, மெதுவான நடை, மாஸ்க். மெலிவுக்குக் கட்டுக்கு அடங்காத சர்க்கரை காரணமாக இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். காசநோய், மனச்சோர்வு, குடல் கோளாறு, அல்லது அடுத்த படத்துக்கான டயட்டாகவும் இருக்கலாம். இதே ஆள் முகம் ஊதி வந்திருந்தாலும் பெரிய வியாதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையே சில வாரங்களில் முகத்தை உருண்டையாக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நடையைப் பற்றிச் சொல்வதானால், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தவர் நம் ஊர் ஏற்றத்தில் நின்று நின்று நடப்பதும் மூச்சு வாங்குவதும் சாதாரணம். மாஸ்க்கா? முகத்தை வைத்துப் பிழைக்கிறவர் செல்ஃபி தொந்தரவு இல்லாமல் ஒரு நடை போய்வர வேறு என்னதான் செய்வார்?

அறையில் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடமே, எடை எத்தனை மாதத்தில் இறங்கியது, ராத்திரி வியர்க்கிறதா, பசி எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் கேட்டு, ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்சி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அப்புறமும் "இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொன்ன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அப்படியிருக்க, கேட்டுக்கு வெளியே நின்று போனில் ஜூம் செய்து எடுத்ததை வைத்து நான் என்ன சொல்வேன்? கிட்னி போனவருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் வேண்டுமே, அவர் எதற்கு ஒரு மாதம் எஸ்டேட் பங்களாவில் வந்து உட்காரப் போகிறார் என்று ஒரு நொடி என் மனமும் கணக்குப் போட்டது. பார்த்தீர்களா, இதுவும் யூகம்தான். நாற்பது வருடம் டாக்டர் தொழில் பார்த்தவனையே இது விடமாட்டேன் என்கிறது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன். அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது 2016-லேயே தெரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் இடையிலேயே படங்களில் நடித்தார், சூப்பர்ஹீரோவாகவும் நடித்தார். 2020 ஏப்ரலில் அவர் மெலிந்து போய்த் தோன்றிய ஒரு வீடியோவைப் பார்த்துப் பலர் கவலைப்பட்டார்கள், சிலர் கிண்டல் செய்தார்கள், ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆகஸ்ட் 28 அன்று, 43 வயதில் அவர் இறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கிண்டல் செய்தவர்கள் அவசர அவசரமாகப் பதிவுகளை அழித்தார்கள்.

எங்கள் தொழிலுக்குள்ளேயே இதற்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது. 1964-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் நின்றபோது, 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,000-க்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, இவர் மனதளவில் அதிபர் பதவிக்குத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அதில் 1,189 பேர் தகுதி இல்லை என்றார்கள். அவர்கள் அவரை நோயாளியாகப் பார்த்துப் பரிசோதித்தவர்கள் இல்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதியே போட்டுவிட்டது: நேரில் பரிசோதிக்காத, சம்மதம் தராத பொது மனிதரைப் பற்றி மருத்துவராக நின்று கருத்துச் சொல்லக்கூடாது. படித்த ஆயிரம் பேர் சேர்ந்தாலும் தூரத்திலிருந்து சொன்னது தூரத்திலிருந்து சொன்னதுதான். உங்கள் குழுவில் எத்தனை பேர்?

நம் நீலகிரி மலைக்கு இந்த விஷயத்தில் தனி ராசி ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உடம்பு தேறுவதற்கென்று வருகிற ஊர் இது. குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவப் பாளையமே நோயுற்ற சிப்பாய்கள் தேறுவதற்காக வளர்ந்த இடம். அதனால் கீழேயிருந்து பெரிய ஆள் யார் வந்து பத்து நாள் சேர்ந்தாற்போல் தங்கினாலும், "என்ன வியாதியோ" என்றுதான் முதலில் தோன்றும். ஓய்வெடுக்க வரலாம், கதை எழுத வரலாம், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டும் வரலாம்.

சரி, ஜெயலலிதா. கோத்தகிரியில் இந்தப் பெயரை எடுத்தால் பேச்சு லேசில் நிற்காது, கொடநாடு பக்கத்தில்தானே இருக்கிறது. அவர் முதல்வராக இருந்தபோது வாரக்கணக்கில் வந்து தங்குவார், கோப்புகள் மலை ஏறி வரும். அந்த நாட்களில் கார் கண்ணாடி இறங்கியதா, கை அசைத்தாரா, முகம் வாடியிருந்ததா என்பதை வைத்தே டானிங்டன் டீக்கடையில் மருத்துவ அறிக்கை தயாராகிவிடும். 2016 செப்டம்பர் 22 இரவு அவர் சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், உடலில் நீர் குறைவு என்றது முதல் அறிக்கை. 75 நாட்கள் அங்கே இருந்தார், ஒரு புகைப்படம்கூட வெளியே வரவில்லை. வதந்தி பரப்பியதாகச் சிலரைப் போலீஸ் கைது செய்தது. டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகவே சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏறியது. இரவு 11.30-க்கு உயிர் பிரிந்ததாகக் கடைசியில் அறிவித்தார்கள். இப்படி நடந்தால் ஊர் எதைத்தான் நம்பும்? அதன் பிறகு ஆறுமுகசாமி ஆணையம் வந்தது. மூன்று மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை இழுத்துக்கொண்டே போய் 2022 ஆகஸ்டில்தான் அறிக்கை கொடுத்தார்கள். சிகிச்சை முறையாகவே நடந்தது என்றது எய்ம்ஸ் மருத்துவர் குழு. சிலர் மீது விசாரணை வேண்டும் என்றது ஆணையம். இன்றைக்கும் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

ஆக, மறைத்தது குழப்பத்தை வளர்த்தது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 75 நாளில் நாம் என்ன கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். என்ன வியாதி, கால் இருக்கிறதா, நினைவு இருக்கிறதா, இட்லி சாப்பிட்டாரா, இவைதான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கையெழுத்து யார் போடுகிறார்கள்? அக்டோபர் 11 அன்று முதல்வரின் இலாகாக்கள் பெரியகுளத்துக்காரரான ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டன. முதல்வரின் ஆலோசனைப்படி என்றது ஆளுநர் மாளிகை அறிவிப்பு. அந்த ஆலோசனையை அவர் எந்த நிலையில், யாரிடம், எப்படிச் சொன்னார்? அடுத்து தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தேர்தல் வந்தது. கட்சி வேட்பாளர்களின் படிவங்களில் அவருடைய கையெழுத்துக்குப் பதில் கைரேகை இருந்தது. ஒரு அரசு மருத்துவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திருப்பரங்குன்றம் வழக்கு நீதிமன்றம் போய், அந்த வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு முதல்வரின் உடல்நிலையில் மக்களுக்குப் பங்கு இருக்கிற இடம் இதுதான். அவருடைய சர்க்கரை அளவு என்ன என்பதில் நமக்கு ஒன்றும் இல்லை. சுயநினைவோடு முடிவெடுக்கிறாரா, இல்லையென்றால் அவர் இடத்தில் முடிவெடுப்பது யார், அந்த ஆளுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நம் சட்டத்தில் இங்கே ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியரசுத் தலைவர் உடல்நலக் குறைவால் பணி செய்ய முடியாமல் போனால் துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று அரசியல் சாசனத்தின் 65-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. முதல்வருக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அந்த நேரத்து ஏற்பாடுதான். ஆத்திரப்படுவதானால் அதற்கு ஆத்திரப்படலாம், யாரும் படுவதாகத் தெரியவில்லை.

எம்.ஜி.ஆர். காலம் இதற்கு நேர் எதிர். 1984 அக்டோபரில் அவர் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்து, சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்து, நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். இங்கே அரசுப் பொறுப்பை நெடுஞ்செழியன் பார்க்கிறார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் டிசம்பர் தேர்தலுக்குள் வதந்தி மலையளவு வளர்ந்துவிட்டது. கட்சிக்காரர்கள் அவர் மருத்துவமனையில் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் படம் எடுத்துக் கொண்டுவந்து தமிழ்நாடு முழுக்கத் திரையிட்டார்கள். அவர் ஆண்டிபட்டியில் காலே வைக்காமல் ஜெயித்தார். அந்தப் படம் ஓட்டுக்காக எடுத்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்றாலும், உயிரோடு இருக்கிற மனிதர் தன் பெயரில் ஓட்டுக் கேட்பதற்காகக் காட்டப்பட்டது. 2017 டிசம்பரில், ஆர்.கே.நகர் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள், ஜெயலலிதா மருத்துவமனைக் கட்டிலில் ஜூஸ் குடிக்கிற வீடியோவை ஒரு அணி வெளியிட்டதே, அப்போது அவர் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வெளியிடலாமா என்று யாரைக் கேட்பது? அதைப் பார்த்தாவது சந்தேகம் தீர்ந்ததா? எப்போது எடுத்தது, யார் எடுத்தது, நைட்டியில் இருக்கும்போது எடுக்கலாமா என்று புதுச் சண்டைதான் வந்தது.

தலைவர்கள் வியாதியை முழுசாக வெளியிட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு பிரான்சின் மித்தரான் கதை இருக்கிறது. 1981-ல் அதிபரானதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நிலை அறிக்கை தருவேன் என்றார், தந்தார். அந்த ஆண்டே அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. அவருடைய சொந்த மருத்துவர் 'எல்லாம் நலம்' என்று வருடக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். 1992-ல்தான் ஊருக்குச் சொன்னார்கள். அறிக்கை வருவதும் உண்மை வருவதும் ஒன்றாகிவிடாது.

நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் கதை வேறு. அவர்கள் நம் பெயரில் கோப்பில் கையெழுத்துப் போடுவதில்லை. படத்துக்கு டிக்கெட் வாங்கியவர் படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், டிக்கெட்டோடு மருத்துவ ஃபைல் வராது. சமந்தா 2022 அக்டோபரில் தனக்கு மயோசிடிஸ் என்ற தசை அழற்சி நோய் என்று அவராகவே எழுதினார். நோய் அடங்கிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், நினைத்ததைவிட நாள் ஆகிறது என்பதுதான் அதில் முக்கியமான வரி. சொல்வதற்கும் ஒரு நேரம் வேண்டும் என்பது நோய் வந்தவருக்குத்தான் புரியும். எஸ்.பி.பி. 2020-ல் மருத்துவமனையில் இருந்தபோது மகன் சரண் அப்பாவைப் பற்றி வீடியோவில் சொல்லிக்கொண்டே வந்தார். அது குடும்பம் எடுத்த முடிவு. அதற்கு நடுவிலும் வதந்தியை மறுப்பது அவருக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களும் உண்டு. ரஜினிகாந்த் கட்சி தொடங்கப் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்த 2020 அக்டோபரில், அவர் எழுதியதாக ஒரு கடிதம் வெளியே வந்தது. கடிதம் என்னுடையது இல்லை, ஆனால் அதிலுள்ள உடல்நிலைத் தகவல்கள் உண்மை என்று அவர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. டிசம்பர் 29-ல் உடல்நிலையைச் சொல்லியே அரசியலுக்கு வரவில்லை என்றார். கட்சி தொடங்கப் போகிறவர் என்ற முறையில் எப்படியும் அவரே சொல்லியிருக்கக்கூடியதுதான். யாரோ முந்திக்கொண்டு அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தார்கள். தகவல் உண்மை என்பதால் அது சரியாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில், அதாவது ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. பொது ஆவணத்தில் உள்ளதும், பதவியில் இருப்பவர் அந்தப் பதவியில் செய்வதும் விதிவிலக்கு. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உறுதி செய்துவிட்டார்கள். மருத்துவர்களுக்கு 2002 விதிகளின்படி நோயாளியின் ரகசியத்தைக் காப்பது கடமை. நீதிமன்ற உத்தரவு, தொற்று அபாயம் மாதிரி சில காரணங்களுக்குத்தான் வாய் திறக்கலாம். மனநல சிகிச்சை என்றால் 2017 சட்டப்படி சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் படம்கூடத் தரக்கூடாது. ஃபார்வர்டு செய்கிறவருக்கும் அவதூறுச் சட்டம் உண்டு என்பதை உங்கள் அட்மினிடம் சொல்லி வையுங்கள்.

ஆர்வமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 8, குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த அன்று, முதலில் ஓடிப்போனவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான், வீட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் உயிரோடு வெலிங்டன் மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரிந்ததும், பிழைப்பாரா என்று எனக்கே எத்தனை போன்! பெங்களூருக்குக் கொண்டுபோய், டிசம்பர் 15-ல் அவர் இறந்தார். அன்று போன் செய்தவர்கள் யாரும் தீக்காயம் எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை. பிழைத்துவிடுவாரா என்றுதான் கேட்டார்கள்.

உங்கள் குழுவில் நடப்பதில் எனக்கு உண்மையான கவலை நடிகரைப் பற்றி இல்லை. அவருக்கு வக்கீல் இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார். அந்தக் குழுவில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கும் ஆட்களைப் பற்றித்தான். நம் ஊர்களில் யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. ரத்தம் எடுக்கிற பெண் உங்கள் அத்தை மகளாக இருப்பாள், ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் பக்கத்து ஹட்டிக்காரராக (ஹட்டி என்றால் படுகர் ஊர்) இருப்பார். அதனால் சளியில் ரத்தம் வந்தால்கூட இங்கே ஜி.எச்.சில் காட்டாமல், மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போய், ஊரில் "கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். காசநோய் மருந்து இங்கேயே இலவசம், அதை வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நடுவில் நிறுத்துவார்கள். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக வளரும், வீட்டில் மற்றவர்களுக்கும் அதே கிருமி பரவும். பெண் பார்க்கிற வீடுகளில் வலிப்பை மறைத்து, கல்யாணத்தன்று மாத்திரை போடாமல் விட்டு, மண்டபத்திலேயே விழுந்த பெண்ணும் உண்டு.

எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்மணி ஒருவர் மார்பில் கட்டியோடு மாதக்கணக்கில் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டேன். அப்போது ஒரு நடிகைக்கு அந்த நோய் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைக் காட்டில் வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் அதையே பேசி, அவள் நடத்தையையும் சேர்த்துப் பேசினார்களாம். "என்னையும் அப்படித்தானேங்க பேசுவாங்க" என்றார். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால் சிகிச்சையும் சின்னதாக இருந்திருக்கும். அந்த நடிகைக்கு நோய் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் குழுவிலும் இப்போது கிட்னி கெட்டவர் இருக்கலாம், போன வாரம் பயாப்சி கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர் இருக்கலாம். "ஆள் அவ்வளவுதான், முடிஞ்சது" என்று நடிகருக்குக் கீழே யாரோ எழுதியதை அவர்களும்தான் படிக்கிறார்கள்.

வீடியோவை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். எடுத்தவர் யார் என்று தெரிந்தால் குழுவில் வைத்துக் கேட்காமல் தனியாகப் பேசிப் பாருங்கள். பங்களாவில் வேலை செய்கிறவராக இருந்தால் அவர் வேலையும் போய்விடும். நாளைக்கே நடிகர் தனக்கு இன்ன நோய் என்று அவராகச் சொன்னால், அப்போது அந்த நோயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், அறிகுறி என்ன, எங்கே பரிசோதிக்கலாம், காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்பதுவரை உட்கார்ந்து எழுதுகிறேன்.